குகதாசனின் நான்காவது கேள்வி

பினாங்கில் ஸ்பானிஷ் மொழி தெரிந்த தமிழர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்தவர் ஒருவர்தான், குகதாசன் அண்ணன். பெயரை மாற்றித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜெலுத்தோங்கில் சந்தைக்குப் பின்னால் உள்ள பழைய அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறார். எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் பீச் ஸ்ட்ரீட்டில் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருக்கிறது. சன்னலோர மேசை அவருடையது, அடுத்தது என்னுடையது. நான் மலாய், தமிழ்க் கோப்புகளைப் பார்ப்பேன். அதோடு, எல்லாருடைய கோப்புகளையும் வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் துப்புரவு செய்வதும் என் வேலை. இந்தத் துப்புரவு என்னவென்று பின்னால் சொல்கிறேன். இந்தக் கதையில் என் பங்கு அதுதான்.

அண்ணனின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது எழுத்தர். மகனும் கிராணியாகவோ ஆசிரியராகவோ ஆவான் என்று எதிர்பார்த்தார்கள். அவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். சர்க்கிட் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தார். பிறகு ஒருநாள் அந்தப் பிரிவையே மெக்சிகோவுக்குக் கொண்டுபோவதாக முடிவு செய்தார்கள். இயந்திரங்கள் கப்பலில் போயின. அங்கே உள்ளவர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க இவரை விமானத்தில் அனுப்பினார்கள். தன் வேலையைத் தானே கொண்டுபோய் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். ஆறு மாதம் என்றார்கள், ஐந்து வருடம் ஆனது. குவாடலஹாரா நகரத்தில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்துகொண்டு, தன்னோடு வேலை செய்த பெண்களிடம் கேட்டுக் கேட்டே ஸ்பானிஷ் பேசப் பழகினார். திரும்பி வந்தபோது மாக் மண்டினில் அவருடைய பிரிவு இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்களாம்.

கற்ற மொழியை இங்கே யாரிடம் பேசுவது? சுற்றுலாக் கப்பல்கள் வரும் நாட்களில் ஸ்வெட்டன்ஹாம் துறைக்குப் பக்கத்தில் போய் நிற்பாராம். இறங்கி வருகிறவர்களில் யாராவது ஸ்பானிஷ் பேசுகிறார்களா என்று பார்ப்பாராம்.

"பேசுவீங்களா அண்ணே அவங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"சீச்சீ. கேக்கத்தான்."

எங்கள் அலுவலகத்துக்கு அவர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மருத்துவக் கருவிகளின் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றுகிறார். பினாங்கில் இந்தக் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய, தென்னமெரிக்காவுக்குப் பெட்டி பெட்டியாகப் போகின்றன. எல்லாருக்கும் ஒன்பதுக்கு வேலை தொடங்கும், அவருக்கு மட்டும் எட்டுக்கு. பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓவை, பால் சேர்க்காத காப்பியை, சன்னல் கொக்கியில் மாட்டிவிட்டுக் கணினியைத் திறப்பார். நான் வரும்போது சில நாள் அவர் முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்கும்.

சிரிப்புக்குக் காரணம் ஓ. ஆர்.

எங்கள் வேலை முறை இது. ஒருவர் மொழிபெயர்ப்பார், வேறொரு நாட்டில் இருக்கும் இன்னொருவர் திருத்துவார். மொழிபெயர்ப்பவரும் திருத்துபவரும் சந்தித்துக்கொள்ளக் கூடாது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் எதையும் கொடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் இருந்து இரு பக்கமும் வேலையைப் பிரித்துக்கொடுக்கும் ஏஜன்சியை விட்டுவிட்டு இருவரும் நேரடியாக வேலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம். ஆகவே கோப்பின் ஓரத்தில் உள்ள குறிப்புக் கட்டங்களில் மட்டும்தான் பேச்சு. "இந்தச் சொல் சரிதானா?" "கொலம்பியாவில் இதை வேறு மாதிரி சொல்வார்கள்." இப்படி. குறிப்புக்கு மேலே பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். அனுப்பும் முன் அத்தனை குறிப்புகளையும் அழித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும் கோப்பில் எங்கள் பேச்சின் சுவடே இருக்கக் கூடாது. அதுதான் நான் செய்யும் துப்புரவு.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அதனால் நான்கு வருடமாக நான் அழித்துக்கொண்டிருந்தது என்ன என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. தேநீர் நேரத்தில் அண்ணன் அவ்வப்போது சொன்னவைதான். ஓ. ஆர். ஒரு பெண். அறுவை அறையில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தவள். முழங்கால் போய்விட்டது, இப்போது வீட்டிலிருந்து இந்த வேலை. அவள் வீட்டு முற்றத்தில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சேவல் சாயங்காலத்தில் கூவுகிறது, அதற்கு நேரம் தெரியாது. இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே முந்தின நாள் மாலை ஆறு. அவள் வேலையை முடித்து எழுதிவைத்ததை இவர் வேலையைத் தொடங்கும்போது படிப்பார். "திருகாணியை இறுக்கவும்" என்ற வரிக்குப் பக்கத்தில் சேவலைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கும். வேலையைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குக் கீழே இப்படி இரண்டு மூன்று.

அவர் வேறு யாரிடமும் அதிகம் பேசமாட்டார். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அவருடைய தங்கை பிரியந்தி, சேலை வாங்க வந்த ஒருநாள் நெத்திலி சம்பல் டப்பாவோடு எங்கள் அலுவலகத்துக்கு ஏறி வந்தார்.

"நாள் பூரா அந்தக் கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே இருக்கியே, எனக்கு ஒரு வாட்ஸ்அப் போட முடியாதா அண்ணே?"

"போட்டேனே."

"கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படம் போட்டே. அது பேச்சா?" என்று என் பக்கம் திரும்பினார். "இவர்கிட்ட ஒரு வார்த்தை வாங்கணும்னா பல்லு டாக்டரைத்தான் கூட்டிட்டு வரணும்மா. அதுக்கும் போகமாட்டார். ஊசின்னா பயம்."

அண்ணன் சம்பல் டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசிக்கு ஏன் பயம் என்று தங்கைக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எனக்கே இந்த வருடம்தான் சொன்னார். மெக்சிகோவில் இருந்த மூன்றாவது வருடம் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் கொடுக்கும்போது, உடம்பு அசையாமல் இருக்க ஒரு மருந்து, ஒன்றும் தெரியாமல் இருக்க ஒரு மருந்து என்று இரண்டு உண்டு. அவருக்கு முதல் மருந்து வேலை செய்தது. இரண்டாவது போதவில்லை. இடையில் விழிப்பு வந்துவிட்டது. கண்ணிமைகளைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். வயிற்றுக்குள் கை போய் எதையோ இழுப்பது தெரிந்தது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரையில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதாம், வருகிறேன் என்று சொன்ன குழாய்க்காரன் வரவில்லையாம். அவர்களிடம் எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று இடது கால் பெருவிரலை அசைக்கப் பார்த்தார். அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். குழாய்க்காரனைப் பற்றிப் பேசி முடிக்கிற வரைக்கும் என்றார்.

மறுநாள் ஒரு நர்ஸ் தாளோடு வந்தாள். அறுவையின்போது உங்களுக்குச் சுயநினைவு இருந்ததா? அந்தத் தாளில் இருந்த ஸ்பானிஷ் சொல் கொன்சியெந்தே. அவருக்கு அப்போதே அந்தச் சொல் நன்றாகத் தெரியும். இல்லை என்று சொன்னார். அவள் ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஏன் அண்ணே இல்லைன்னு சொன்னீங்க?"

"பெரிய டாக்டரு ஊசி போட்டு, இவனுக்கு நினைவில்லைன்னு எழுதி வச்சிட்டாரு. நான் எந்திரிச்சு, இல்ல சார் இருந்துச்சுன்னு சொல்லவா? நம்ம வீட்ல அப்படி வளக்கல லா. அதோட, நினைவுன்னா கண்ணு திறந்து, பேர் கேட்டா பேர் சொல்றதுன்னுதானே நெனச்சோம். எனக்குக் கண்ணு மூடித்தான இருந்துச்சு."

அதன் பிறகு அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. பதினான்கு வருடமாகச் சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். ஊர் திரும்பியதும் சிரம்பானில் ஒரு பெண் பார்த்து எல்லாம் முடிவாகும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட இருப்பவர் கேட்பாரே, ஏன் கட்டிலில் படுப்பதில்லை என்று.

போன வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு புது வாடிக்கையாளர் கிடைத்தார். அவர்கள் செய்வது, அறுவை அறையில் நோயாளியின் நெற்றியில் பட்டை ஒட்டி, மயக்கம் எவ்வளவு ஆழம் என்று எண்ணில் காட்டும் கருவி. முந்நூறு பக்கக் கையேடு. கடைசியில், அறுவைக்குப் பிறகு நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கொண்ட ஒரு பக்கம். அந்தக் கையேடு முழுக்க ஆங்கிலத்தில் அவேக், அலர்ட், கான்ஷியஸ், அவேர் என்று மாறி மாறி வந்தது. வாடிக்கையாளர் சொற்பட்டியல் ஒன்றும் கொடுத்திருந்தார். கான்ஷியஸ் வந்தாலும் அவேர் வந்தாலும் ஸ்பானிஷில் ஒரே சொல்தான்: கொன்சியெந்தே. பட்டியலை மீறக் கூடாது.

கேள்விப் பக்கத்தில் நான்காவது கேள்வி, அறுவை நடக்கும்போது நீங்கள் அவேராக இருந்தீர்களா என்பது. பட்டியல்படி எழுதினால், குவாடலஹாராவில் அந்த நர்ஸ் கேட்ட அதே கேள்வி வருகிறது. அப்படியே அச்சாகிப் பதினேழு நாட்டு மருத்துவமனைகளுக்குப் போகும். இவரைப் போன்ற எவனோ ஒருவன் கட்டிலில் படுத்துக்கொண்டு, மரியாதையாக, இல்லை என்று சொல்வான்.

அவர் ஒரு வாரம் அந்த ஒரு வரியிலேயே நின்றார். இதுவரை ஒரு நாள்கூட வேலையைத் தாமதப்படுத்தாதவர். ஒருநாள் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அதுவே அதிசயம்.

"அனுஜா, அவேர்னெஸ்ஸ நீ தமிழ்ல எப்படிப் போடுவே?"

"விழிப்புணர்வு."

எங்கள் முதலாளி முகம்மது கனி அந்தப் பக்கமாகப் போனவர் நின்றுவிட்டார். "விழிப்புணர்வா? டெங்கி கொசு போஸ்டர்ல போடுவாங்களே, அதுவா? ஆப்பரேஷன் டேபிள்ல படுத்திருக்கிறவன்கிட்ட, ஐயா உங்களுக்கு விழிப்புணர்வு இருந்துச்சான்னு கேட்டா, நான் வாரா வாரம் தண்ணித் தொட்டியக் கழுவிடுறேன்னு சொல்லுவான் லா."

எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். பிறகு, "உங்கம்மாகிட்ட கேக்கிறதுன்னா எப்படிக் கேப்பே?" என்றார்.

யோசிக்காமலே சொன்னேன். "ஆப்பரேஷன் நடக்கும்போது உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுச்சாம்மா?"

அவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். "அதுதான் கேள்வி," என்றார். "அப்படிக் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருக்கலாம்." யார் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஸ்பானிஷிலும் அப்படிச் சொல்ல வழி இருக்கிறது. ஸே தியோ குவெந்தா தே அல்கோ. சந்தையில், பேருந்தில், தொழிற்சாலையில் எல்லாரும் சொல்வது. உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா, கவனத்துக்கு வந்ததா என்று அர்த்தம். அதைப் போட்டுக் குறிப்பும் எழுதி, கனி பாஸ் மூலமாக வாடிக்கையாளருக்கு அனுப்பினார். இரண்டு முறை அனுப்பினார். இரண்டு முறையும் ஒரே பதில்: சொற்பட்டியலைப் பின்பற்றவும்.

ஓ. ஆர். அவர் பக்கம்தான். ஆனால் திருத்துபவருக்கும் பட்டியல் பட்டியல்தான். அவள் எழுதினாள்: எனக்கும் உங்கள் வரிதான் சரி என்று படுகிறது. ஆனால் அவர்கள் ரசனையைக் கேட்கவில்லை, காரணம் கேட்கிறார்கள். பழைய கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, உண்மையில் தெரிந்திருந்த ஆள் யாராவது உண்டா? அப்படி ஒருவர் இருந்தால் நான் ஏஜன்சியோடு சண்டை போடுவேன்.

மூன்று நாள் அவர் பதில் எழுதவில்லை. நான்காம் நாள் காலை நான் வரும்போது குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். கோப்பி பை கொக்கியில் ஆடாமல் தொங்கியது, குடித்திருக்கவில்லை. கட்டத்துக்குள் அடங்காத நீளத்தில் ஒரு குறிப்பு எழுதினார். பிளாஸ்டர், தொட்டி, குழாய்க்காரன், பெருவிரல், எல்லாம். கடைசியில், இது உங்களுக்கு மட்டும், இதை ஏஜன்சிக்கு அனுப்ப வேண்டாம், எப்படியும் அழித்துவிடுவார்கள் என்று எழுதினாராம்.

மறுநாள் அதற்குக் கீழே அவளுடைய பதில் சின்னதாக இருந்தது. அந்தத் தாளைப் பத்தொன்பது வருடம் நோயாளிகளிடம் நீட்டியவள் நான். எல்லாரும் இல்லை என்றார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். அவர் கேட்டுக்கொண்டபடி அவள் அதை யாருக்கும் அனுப்பவில்லை. அண்ணன் நான்காவது கேள்வியில் பட்டியல் சொல்லையே திரும்பப் போட்டு, கோப்பை முடித்து என்னிடம் தள்ளினார். தோற்றுவிட்டார் என்று எனக்குத் தெரியும், எதில் என்றுதான் தெரியாது.

அது தைப்பூச விடுமுறைக்கு முந்தைய வேலை நாள். ரதம் போகும் சாலைகளை அடைத்துவிடுவார்கள், அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். திரையில் குறிப்புகளை மறைக்க ஒரு பொத்தான், அழிக்க வேறொரு பொத்தான். எதை அழுத்தினாலும் ஓரத்துக் கட்டங்கள் காணாமல் போய்விடும், பக்கம் வெள்ளையாகத் தெரியும். நான் மறைக்கிற பொத்தானை அழுத்தினேன். வெள்ளையாகத் தெரிந்தது. அனுப்பிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து கனி பாஸ் கதவைத் திறந்து, "குகா, உள்ள வாங்க. அனுஜா, நீயும் வாம்மா," என்றார்.

முகத்தில் கேலி இல்லை. வாடிக்கையாளரின் மருத்துவர் ஒருவர் எழுதியிருந்த நீளமான மின்னஞ்சலைப் படித்தார். கேள்விப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த குறிப்பை மொழிபெயர்த்துப் படித்ததாகவும், கூட்டத்தில் முப்பது பேர் முன்னால் வாசித்ததாகவும் அதில் இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் என்ற இடத்தில் கனி பாஸின் குரல் இறங்கியது. பெருவிரல் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"இது நீங்களா குகா?"

அண்ணனுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. "ஆமா பாஸ்."

"ஒன்பது வருஷம் கூட இருக்கோம். ஒரு வார்த்தை சொல்லலியே லா."

"யாரும் கேக்கல பாஸ்."

கனி பாஸ் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "டீ சொல்லட்டுமா? தே தாரிக், சூடா?"

"வேணாம் பாஸ். அந்தக் கேள்வி?"

"மாத்திட்டாங்க. நீங்க எழுதினதையே போட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல இருக்கிறதையும் மாத்தப் போறாங்களாம், மத்த பாஷையெல்லாம் கூட."

அண்ணன் தலையை ஆட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

"இன்னொன்னு இருக்கு," என்றார் கனி பாஸ். "அந்த ஒரு குறிப்பு மட்டும் போகல. எல்லாமே போயிருக்கு. இருநூத்துச் சொச்சம். கொய்யா மரம், சேவல், முட்டிவலி. டாக்டரு ஒண்ணும் சொல்லல, ஏஜன்சிக்காரங்கதான் குதிக்கிறாங்க. ரெண்டு பேரும் பேர் சொல்லிக்கல, நம்பர் கொடுத்துக்கல, ரூல் மீறலதான். ஆனா மார்ச் ஒண்ணாந்தேதியில இருந்து குறிப்புக் கட்டமே கிடையாதாம். சந்தேகம்னா ஒரு ஃபார்ம், அதுல ஏழு காரணம் இருக்கும், ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பணும். அவ்வளவுதான்."

"அவங்களுக்கு யார் சொல்லுவா?"

"யாருக்கு?"

"ஓ. ஆருக்கு."

"ஏஜன்சி சொல்லிடும் லா."

அன்று சாயங்காலம் படிக்கட்டில் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என் தவறுதான் என்று சொன்னேன். எந்தப் பொத்தான் என்று சொன்னேன். தைப்பூசம், அம்மாவின் போன், எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"நீ அப்படி அனுப்பலன்னா அந்தக் கேள்வி மாறியிருக்காது," என்றார்.

பட்டையை இறுக்கினார். பிறகு கழற்றினார்.

"நானா அனுப்பியிருக்கவே மாட்டேன். யார்கிட்டயும் காட்டியிருக்க மாட்டேன். நல்லதா கெட்டதான்னு எனக்கே இன்னும் தெரியல அனுஜா. கொஞ்சம் டைம் கொடு." அப்புறம், "பிரியந்திகிட்ட மட்டும் சொல்லிடாதே. இத்தனை வருஷம் கழிச்சு அழுவா. நான் போய் சமாதானம் பண்ணணும்," என்றார்.

வாடிக்கையாளரின் மருத்துவர் அவரோடு தொலைபேசியில் பேச விரும்பினார். வேண்டாம் என்று பதில் அனுப்பச் சொன்னார். ஒரு மாதம் கழித்துத்தான் என்னிடம் மெல்ல மெல்ல, ஒரு தேநீருக்கு ஒரு பகுதியாக, இதையெல்லாம் சொன்னார். நான் கேட்டேன், அதனால் சொன்னார்.

ஆனால் அதற்கு முன்னால், பிப்ரவரியில், கட்டங்கள் மூடப்படுவதற்குள் இன்னும் ஒரே ஒரு கோப்பு வந்தது. இரத்த அழுத்தமானி ஒன்றின் சிறிய கையேடு, இருபத்தெட்டுப் பக்கம். சாதாரணமாக ஒன்றரை நாள் வேலை. நான்கு நாள் எடுத்துக்கொண்டார். கோப்பு அங்கே போவதும் இங்கே வருவதுமாக இருந்தது. கடைசி நாள் மாலை ஐந்தரைக்கு என்னிடம் வந்தபோது ஓரம் முழுக்கக் கட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கையேட்டைவிடக் குறிப்புகள் நீளம். இயந்திரத்தைக் கொண்டு அவற்றைத் தமிழாக்கிப் படித்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒரு காப்பி எடுத்து வச்சுக்கட்டுமா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன். "யாருக்கும் தெரியாது. உங்க பென் டிரைவ்ல போட்டுத் தரேன்."

"கூடாதுல்ல."

"தெரியும். ஆனா..."

"அவங்களும் வச்சுக்கமாட்டாங்க. ரெண்டு பேரும் அப்படித்தான் பேசி வச்சிருக்கோம்."

ஓ. ஆரின் பேரைக் கேட்டீர்களா, அவள் சொன்னாளா என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. இந்த முறை எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அழிக்காமல் ஒவ்வொன்றாக அழித்தேன். அறுபத்து மூன்று இருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது கீழே இருந்தது மேலே ஏறி வந்து நின்றது. அவர் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும், "கொஞ்சம் இரு," என்றார். நான் கையை எடுத்தேன். இரண்டே வரி உள்ள ஒரு குறிப்பு. படித்து முடித்ததும், "ம்," என்றார். அழித்தேன்.

முடிந்ததும், அவர் சொல்லாமலேயே, மறைத்தவற்றைக் காட்டும் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அனுப்பினேன்.

மார்ச் மாதத்தின் முதல் கோப்பு செவ்வாய்க்கிழமை திருத்தத்திலிருந்து திரும்பி வந்தது. ஓரம் காலியாக இருந்தது. சில வரிகளில் சிவப்புத் திருத்தங்கள், மற்றவற்றில் பச்சை அடையாளம். திருத்தியவர் என்ற இடத்தில் பெயரின் முதலெழுத்துகள் இல்லை, எண் இரண்டு என்று மட்டும் இருந்தது. அண்ணன் திருத்தங்களை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார், பிறகு கீழிருந்து மேலாக ஒரு முறை.

"அவங்கதானா அண்ணே?"

"இருக்கலாம். நல்லாத்தான் திருத்தியிருக்காங்க," என்றார். சிவப்புத் திருத்தங்கள் ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டு, கோப்பை மூடி, வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார்.